இடது பக்கத்துச் சக்கரங்கள்

தண்டவாளக் கட்டைகளில் ஊறியிருந்த தாரின் வாசம் வெயிலில் மேலெழும்பிக்கொண்டிருந்தது. கால்சட்டைப் பையில் கிடந்த இரும்புத்துண்டு அடிக்கொரு தரம் தொடையில் இடித்தது. வட்டகொடையிலிருந்து தண்டவாளத்தின் வழியாகத் தலவாக்கலையைத் தாண்டி, ஹட்டனை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். வயது பதின்மூன்று. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த இரும்பு, லொறிச் சக்கரத்தை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் "ஸ்டட்" என்ற திருகாணி ஒன்றின் உடைந்த பாதி. எங்கள் தேயிலைத் தோட்டத்து ஸ்டோருக்கு, அதாவது தொழிற்சாலைக்குப் பின்னால், உலக யுத்தம் முடிந்து முகாம் கலைந்தபோது விட்டுப்போன ஓர் "ஆமி லொறி" பல வருஷங்களாகச் செடி மூடிக் கிடந்தது. அப்பா அந்த முகாமில் லொறி கழுவியவர். கழுவும்போது பார்த்துப் பார்த்தே ஓட்டவும் பிரிக்கவும் கற்றுக்கொண்டவர். அதை ஓடவைத்தால் கொழுந்து ஏற்ற வைத்துக்கொள்ளலாம், அப்பாவே டிரைவர் என்று தோட்டத்தை நடத்திய துரை சொல்லியிருந்தார். ஓடாவிட்டால், ஹட்டனில் பழைய இரும்பு வாங்கும் சாலி நானாவுக்கு. டிரைவர் என்றால் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்ட மலைக்குப் போக வேண்டாம். ஒட்டு வரிசை அறைகளான லயத்தை விட்டு ஜன்னல் வைத்த தனி வீட்டுக்குப் போகலாம். அம்மா அந்த ஜன்னலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

பதினொரு மாதம் வேலை நடந்தது. மலையிலிருந்து இறங்கிய பிறகுதான் அப்பாவுக்கு லொறி. பொகவந்தலாவையில் ஆற்றோரம் கவிழ்ந்து கிடந்த இன்னொரு லொறியின் கார்புரேட்டரைக் கேட்டு வாங்கி, சாக்கில் சுற்றித் தலையில் சுமந்து வந்தார். விசிறிக்குப் பட்டை எங்கும் கிடைக்காமல், ஸ்டோரில் கழித்துப்போட்ட மெஷின் பெல்ட்டை அறுத்துத் தைத்தார். சக்கரங்களுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தது நான். ஒரு புள்ளி விடாமல், ஸ்டட்டுகளின் முனை வரைக்கும் அடித்தேன். இடது பக்கத்து முனைகளில் மட்டும் ஏதோ இங்கிலீஷ் எழுத்து வெட்டியிருந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு அது கீறலாகத்தான் தெரிந்தது. அதையும் மூடினேன்.

சனிக்கிழமை காலை துரை பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் சக்கரங்களைக் கழற்றிக் கிரீஸ் வைக்க வேண்டும். வியாழன் மாலை அப்பாவும் நானும் வலது பக்கத்தை முடித்தோம். வெள்ளி காலை அவர் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போனதும், வருவதற்குள் முடித்துக் காட்டலாம் என்று இடது பக்கத்தில் நானே ஸ்பேனரை மாட்டி, முதல் நாள் போலவே இடப்பக்கமாகத் திருப்பினேன். அசையவில்லை. ஸ்பேனரில் குழாயைச் செருகி அதன்மேல் ஏறிக் குதித்தேன். "டக்"கென்று இறுக்கம் விட்டது. உடைந்த சத்தம் எனக்குக் கழன்ற சத்தமாகவே கேட்டது. எல்லா நட்டையும் தளர்த்திய பிறகுதான் எடுக்க வேண்டும் என்பது அப்பாவின் முறை. அதனால் முன்னும் பின்னுமாகப் பன்னிரண்டில் ஒன்பதை அப்படிச் செய்த பிறகு, மிச்ச மூன்றுக்குப் பொறுக்காமல் முதல் நட்டைக் கையால் எடுத்தேன். பாதி ஸ்டட்டும் கூடவே வந்தது.

தேத்தண்ணி குடிக்க வந்த அப்பா அடிக்கவில்லை. சக்கரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"இந்தப் பக்கம் எதிர்ச்சுத்துடா. முனையில இருந்த எழுத்து அதுக்குத்தான். ஒங்கிட்ட சொல்லாமப் போயிட்டேனே."

எட்டிப் பார்த்த கங்காணி, "வெள்ளக்காரன் சண்டையில சாகாத லொறிய அப்பனும் மவனும் சேந்து சாச்சுப்புட்டீங்களேப்பா" என்று சிரித்துவிட்டு ஆபீஸ் பக்கம் நடந்தார். அப்பா கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மறுபடி மலையேறினார். பாதி நாள் வேலை மிச்சமிருந்தது. நான் தண்டவாளத்தில் இறங்கினேன்.

சாலி நானா இரும்பைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வலத்துப் பக்கத்துக்கு ஒரு பெட்டி நெறைய ஈக்கி மகன். இதுக்கு ஒண்டும் இல்ல. எல்லாரும் ஒடச்சது இதத்தான், நீ மட்டும்ண்டு நெனச்சியா?"

வலது பக்கத்து ஸ்டட்டை மாட்ட முடியாதா என்று கேட்டேன்.

"மாட்டலாம். எறக்கத்துல ஓட ஓட நட்டு தானாக் கழண்டுரும். பொறகு ஒங்க அப்பாவப் பள்ளத்துலதான் தேடணும்."

கொழும்பில் கடைந்து எடுக்க ஒரு மாதமாகும் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, தோட்டத்திலிருந்து போன் வந்துவிட்டது, காலையில் லொறியை உடைத்து எடுக்க ஆட்கள் போகிறார்கள் என்றார். சோறு போட்டு, சாக்குக் குவியலில் படுக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு எந்த ஊரிலும் நான் இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. நானாவின் இரும்புக்கடை இருந்த இடத்தில் இன்று கைத்தொலைபேசி விற்கிறார்கள், ஸ்டோருக்குக் கூரையில்லை, அந்தக் காலத்து ஆமி லொறிகள் மலையில் எங்கும் இல்லை. போன வருஷம் நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் வாசலில் மட்டும் ஒன்றைப் புதிதாக்கி, பூந்தொட்டிகளுக்கு நடுவே நிறுத்தியிருந்தார்கள். இடது சக்கரத்தின் முன்னால் குந்திப் பார்த்தேன். ஸ்டட் முனைகளை யாரோ ஒரு புள்ளி விடாமல் பெயிண்டால் மூடியிருந்தார்கள். காவற்காரர் வந்து, "என்னங்க ஐயா தேடுறீங்க?" என்றார். ஒரு முனையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

சாக்குக் குவியலில் விடிந்த அந்தச் சனிக்கிழமை காலை, எங்கள் லொறியில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் என்பதால், நானா என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார். அவருடைய ஆட்களோடு தோட்டத்துக்குத் திரும்பினேன். அப்பா பெரட்டுக்குப் போயிருந்தார். உடையாமல் மிஞ்சியிருந்த மூன்று நட்டுகளில் ஸ்பேனரை மாட்டி, வலப்பக்கமாகத் திருப்பினேன். குழாய் தேவைப்படவில்லை.