போனவர்கள் போன இடம்

என் மாமாவின் தலையில் ஒரு பள்ளம் இருந்தது. "ஒரு கரண்டி நல்லெண்ணெய் நிக்கும் லா" என்று அவரே பெருமையாகச் சொல்லுவார். அது 1920களின் நடு; எனக்கு ஆறு வயது. எங்கள் தோட்டத்தில் அவர் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது ஒடிந்து விழுந்த ரப்பர் மரக் கிளை செய்த உபகாரம் அது. நான் அதில் விரலை வைத்துப் பார்த்திருக்கிறேன். சரியாகப் பொருந்தும்.

பள்ளத்தோடு நின்றிருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். நாளாக ஆக அவருடைய இடது கை தானாக உதறத் தொடங்கியது. பிறகு வலிப்பு வந்தது. ஒருநாள் பால் வாளியோடு கால்வாயில் விழுந்து, ஆள் போக இருந்தார். ரயிலேறிப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். உடைந்த எலும்பு மூளையை அழுத்துகிறது, மண்டையைத் திறந்து அதைத் தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு வலிப்பில் கதை முடிந்துவிடலாம் என்றார் வெள்ளைக்கார டாக்டர். அடுத்த வாரம் வந்து முடிவு சொல்லச் சொன்னார்.

மாமாவுக்கு முடிவெடுக்கும் பழக்கம் கிடையாது. கல்யாணமான அன்றே அதை அத்தையிடம் ஒப்படைத்துவிட்டார். அத்தையோ கத்தரிக்காயைக்கூட நாலு பக்கமும் திருப்பிப் பார்த்து, காம்பைக் கிள்ளி, கடைக்காரரை ஒரு வழி பண்ணித்தான் வாங்குவாள். புருஷன் தலையைச் சும்மா கொடுத்துவிடுவாளா?

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். அந்த வருஷம் பொங்கலுக்குப் பிறகு என் குட்டித் தம்பி காய்ச்சலில் இறந்துபோயிருந்தான். அம்மா பாயை விட்டு எழுந்திருக்காமல் கிடந்ததால் அத்தைதான் என்னைப் பார்த்துக்கொண்டாள். தம்பி எங்கே என்று கேட்டால் "போயிட்டான்" என்பார்கள். எங்கே போனான் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

டாக்டருக்கும் அத்தைக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொன்னவர் காயத்துக்கு மருந்து கட்டும் ஆஸ்பத்திரி டிரசர். யாழ்ப்பாணத்துக்காரர்.

"துரை இதுவரைக்கும் எத்தன தல தொறந்திருக்காரு? கேளுங்கய்யா" என்றாள் அத்தை.

டிரசர் தயங்கித் தயங்கிக் கேட்டார். டாக்டர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"இங்கை அஞ்சு பேருக்குத் திறந்தவர். நாலு பேர் போயிட்டினம். ஒராள்தான் இருக்கிறார்" என்றார் டிரசர்.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா தன் பள்ளத்தைத் தடவியபடி, "அஞ்சுக்கு நாலா?" என்றார்.

ஆனாலும் அத்தை லேசில் விடுகிறவள் இல்லை. மிச்சமிருக்கும் அந்த ஒருவரைப் பார்க்க வேண்டும் என்றாள். டிரசர் வார்டுக்கு வழி காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். கடைசிக் கட்டிலில் தலைக்கட்டோடு படுத்திருந்த தமிழர் எங்களைப் பார்த்ததும் புலம்பத் தொடங்கினார்.

"அந்த நாலு பேரும் குடுத்து வச்சவனுங்கம்மா, போயிட்டானுங்க. எனக்குத்தான் இன்னும் வேள வரல."

அத்தை மாமாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க, போலாம். வலிப்போடயே இருந்துட்டுப் போங்க." சொல்லும்போதே அழுதுவிட்டாள். அத்தை அழுது நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

எனக்கு என் கவலை. போனவர்களைப் பற்றி இவ்வளவு தாராளமாகப் பேசுகிற ஆளை அப்போதுதான் பார்க்கிறேன். கட்டிலருகே போய், "அவங்க எங்க போனாங்க?" என்று கேட்டேன்.

"ஒருத்தன் சுங்கை சிப்புட்டு. மத்த மூணு பேரும் பீடோரு."

அத்தை நின்றாள். "பீடோர்லயா பொதைச்சாங்க?"

"ஏம்மா பொதைக்கணும்? நல்லாயி வீட்டுக்குப் போயிட்டானுங்க லா. பால் வெட்டிக்கிட்டு இருக்கானுங்க. எனக்குத்தான் காயம் ஆறல, அனுப்ப மாட்டேங்குறாங்க."

அத்தை சிரித்த சிரிப்பில் வார்டே திரும்பிப் பார்த்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக டிரசரிடம் போனாள். "ஐயா, போனவங்க கணக்கு சரி. போய்ச் சேந்தவங்க எத்தன பேரு? அதயும் துரைகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

டிரசருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். டாக்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. இங்கே வருவதற்குமுன் வேறோர் ஊரில் இரண்டு பேருக்குத் திறந்ததாகவும், அதில் ஒருவர் மேசையிலேயே இறந்துவிட்டதாகவும் சொன்னார்.

அத்தை மாமாவின் தலையை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "செத்தவரையும் சேத்துச் சொல்றாரே, இவருகிட்ட குடுக்கலாம்" என்றாள்.

"மூடும்போது பள்ளத்தையும் நெரவிவிடச் சொல்லு" என்றார் மாமா.

ஐந்தாறு வாரம் கழித்து மாமா தலைக்கட்டோடு, கை உதறாமல், தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். அன்று எங்கள் லயத்து வீட்டில் கோழிக் குழம்பு. அம்மாகூட எழுந்து வந்து மசாலா அரைத்தாள். எல்லாரும் சிரிக்கிற நேரம் பார்த்து நானும் என் நல்ல செய்தியைச் சொன்னேன்.

"அம்மா, தம்பி எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும். போனவங்கள்லாம் பீடோர்லதான் இருக்காங்க. ரயில்ல போயி கூட்டிட்டு வந்துரலாம்."

யாரும் சந்தோஷப்படவில்லை. எனக்குக் கோபமாக வந்தது. அத்தை எழுந்து வெளியே போய்விட்டாள். அம்மா மசாலாக் கையோடு என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "போலாம்" என்றாள்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. தம்பியின் சட்டையை மடித்து, பயணத்துக்குத் தயாராகத் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். மாதங்கள் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் போவதற்குள் அந்தச் சட்டை அவனுக்குச் சின்னதாகிவிடுமே என்பது மட்டும்தான் எனக்கிருந்த கவலை.