வஞ்சிரத்துக்கு முன்னால் ஏகாம்பரம்

போன சனிக்கிழமை எனக்கு வேண்டியிருந்தது வஞ்சிரம். வந்தது ஏகாம்பரம்.

ஏகாம்பரத்தை உங்களுக்குத் தெரியாது. எனக்கும் அதுவரை தெரியாது. கோவிலம்பாக்கத்தில் மீன் விற்கும் தேவி அக்கா புதிதாக ஒரு வெப்சைட் ஆரம்பித்திருந்தார். சனிக்கிழமை ஆர்டர் போட்டால், ஞாயிறு காலை சேலையூரில் என் வீட்டு வாசலுக்கே மீன் வந்துவிடும். ஆசையாக போனில் திறந்தேன். வெள்ளைத் திரை... இன்னும் வெள்ளைத் திரை... அப்புறம் மெதுவாக, நெற்றியிலிருந்து ஆரம்பித்து, ஒரு ஆளின் முகம் இறங்கி வந்தது. கூலிங் கிளாஸ். மீசை. மீசை முடிவதற்குள் நான் காபி குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிட்டேன்.

மீன் எங்கே? அக்காவுக்கே போன் போட்டேன்.

"அத்த ஏன் கேக்கறீங்க சார்! ஒரே பேஜாரா கீது. பேஜு தொறக்கலன்னு பாதி பேரு ஆர்டரே போடல. போன வாரம் எட்த்துகினு வந்த மீனு பாதி ஐஸ்லயே கெடந்துச்சு. இந்த வாரமும் இப்டியே போச்சுன்னா, கடைய மூடிட்டு மறுபடி கூடைய தூக்கிகினு தெருத்தெருவா போவ வேண்டியதுதான்."

எனக்குச் சங்கடமாகப் போயிற்று.

பகலில் நான் பார்க்கும் உத்தியோகமே அடுத்தவர் வெப்சைட்டில் குற்றம் கண்டுபிடிப்பதுதான். மாமியார் வேலை. ஆனால் சம்பளம் உண்டு, ஐடி என்று கௌரவமாகப் பெயரும் உண்டு. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கோவிலம்பாக்கம் போனேன்.

இதற்குப் பெரிய சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்தின் மேல் ரைட் கிளிக், 'இன்ஸ்பெக்ட்', அதில் 'லைட்ஹவுஸ்' என்று ஒரு டேப். பட்டனை அமுக்கினால் பக்கத்தைத் தானே திறந்து பார்த்து மார்க் போடும்.

"லைட்டவுஸா? அது படகுக்குத்தான சார்?" என்றார் அக்கா.

வேகத்துக்கு நூற்றுக்கு ஒன்பது மார்க். சிவப்பு வட்டம். காரணமும் போட்டிருந்தது — படங்கள் பயங்கர கனம். யார் படங்கள்? மேலே ஏகாம்பரம். அவருக்குக் கீழே பெரியப்பா, சித்தப்பா, மச்சான், மச்சானின் மச்சான்... இத்தனை பேரையும் தாண்டித்தான் வஞ்சிரம்!

விஷயம் இதுதான். சைட் செய்து கொடுத்தவர் பம்மலில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிப்பவர். காதுகுத்து பேனர் என்றாலும் சொந்தக்காரர் முகமெல்லாம் வரிசையாக இருந்தாக வேண்டிய ஊர் நம்முடையது. அந்தப் பழக்கத்தில் கடைத் திறப்பு பேனரின் படங்களை அப்படியே ஏற்றிவிட்டார். ரோட்டுக்குக் குறுக்கே கட்டுகிற சைஸில் இருக்கும் முகங்கள் போனுக்குள் நுழைய வேண்டுமென்றால்?

"எல்லாரையும் தூக்கிடலாம்க்கா."

"இன்னா சார், குடும்பத்துக்கே கொள்ளி வெக்கறீங்க? ஏகாம்பரம் எங்கூட்டுக்காரரோட அண்ணாத்த. மீனே அவரு போட்லேர்ந்துதான் வருது. மூஞ்ச எட்த்தா மீன நிறுத்திடுவாரு!"

நியாயம்தானே? கல்யாணப் பத்திரிகையில் பேர் விட்டுப்போனதற்கே இன்னும் பேசாத சித்தப்பா எனக்கும் ஒருவர் இருக்கிறார்.

ரிப்போர்ட்டை மறுபடி படித்தேன். படம் இருப்பது தப்பு என்று அது சொல்லவே இல்லை. தேவைக்கு மேல் பெரிதாக இருப்பதுதான் தப்பாம். (ஆபீஸில் சிலருக்கு இதைப் பிரின்ட் எடுத்துக் கொடுக்கலாம்.) எல்லோரையும் சுருக்கினேன். மீனை மேலே ஏற்றி, சொந்தங்களைக் கீழே இறக்கினேன். கண் தெரியாதவர்களுக்குப் போன் வாசித்துக் காட்டுவதற்காக, படத்துக்குப் படம் ஒரு வரி விவரமும் எழுதச் சொன்னது ரிப்போர்ட். அக்கா சொல்ல, நான் டைப் அடித்தேன்: 'ஏகாம்பரம் அண்ணாத்த. நல்ல மன்சன். கோவம் மட்டும் வரும்.'

மறுபடி ஓட்டினேன். பச்சை! அக்கா கைதட்டினார்.

சாயங்காலத்துக்குள் ஆர்டர் குவிந்துவிட்டது. ஞாயிறு காலை ஐஸ் பெட்டி காலி. எனக்கே வஞ்சிரம் இல்லை, சங்கராதான் கிடைத்தது. "இனிமே கூடைக்கு வேல இல்ல சார்" என்று அக்கா போனில் சிரித்தபோது, அந்தச் சங்கராவும் ருசித்தது.

மத்தியானம் இன்னொரு போன். ஏகாம்பரம்.

"பேஜ ரிப்பேர் பண்ணது நீதானா?"

"ஆமாங்கண்ணா. மீனெல்லாம் வித்துடுச்சாமே?"

"மீனு வித்துச்சு, அத்த வுடு. முன்னாடி பேஜு தொறக்கற வரிக்கும் ஜனங்க என் மூஞ்சியே பாத்துகினு இருந்தாங்க. இப்போ மீன வாங்கிகினு போய்கினே கீறாங்க. ஒருத்தன்கூட கீழ வந்து என்னைப் பாக்க மாட்றான்!"

வட்டமெல்லாம் பச்சை. ஏகாம்பரம் மட்டும் இன்னும் சிவப்பு.