நெல் இல்லாத களவெட்டி

பேய், பிசாசு என்று யாராவது தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் நம்பமாட்டீர்கள், பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு நெளுக்குளம். அறுவடை மெசின் ஓட்டுகிறேன். போன சித்திரை விடுமுறையில் என் ஏழு வயது மகள் கவியைக் கூட்டிக்கொண்டு, உடையார்கட்டுக்கு அங்கால் புதிதாகத் திறந்திருந்த அரும்பொருட்காட்சியகத்துக்குப் போனேன். உள்ளே பழைய கலப்பை, மரக்கால் எல்லாம் பார்த்துவிட்டுப் பின்பக்கத் தோட்டத்துக்கு வந்தால், அந்தக் காலத்தில் நெற்கதிரை மாடு மிதிக்கவிட்டுச் சூடடித்த களவெட்டியை மாதிரிக்குச் செய்து வைத்திருந்தார்கள். சாணி மெழுகிய வட்டம், நடுவில் மாடு கட்டும் கட்டை, வேறு ஒன்றுமில்லை. நல்ல மத்தியான வெயில். கவி ஓடிப்போய் நடுவில் நின்றாள். நானும் பின்னால் போனேன்.

விளக்கம் சொல்ல வந்த அக்கா, மாடு சுற்றிச் சூடடித்த விதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"என்ர மெசின் வந்ததோட உங்கட களவெட்டி முடிஞ்சுது அக்கா" என்றேன்.

அவருடைய முகம் மாறிவிட்டது. "ஐயோ, களத்துக்குள்ள நிண்டு முடிஞ்சுது எண்டு சொல்லாதேங்கோ. பூதம் காத்துக்கொண்டு நிக்கும். கேட்டா வந்து அள்ளிக்கொண்டு போயிடும்."

"இதுக்குள்ள நெல்லே இல்லையே, எதை அள்ளுறது?" என்று சிரித்தேன்.

சிரித்த வாயை மூடவில்லை, என் காதுக்குப் பக்கத்தில் ஒரு ஆம்பிளைக் குரல் "லாபம்" என்றது. நெல் அளக்கிறவர்கள் ஒன்று என்று சொல்லாமல் அப்படித்தானே தொடங்குவார்கள். திரும்பிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. கவியைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவளுடைய இரண்டு காலும் நிலத்தில் இல்லை. யாரோ கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கியதுபோல ஒரு சாண் உயரத்தில் அசையாமல் நின்றாள். பாய்ந்து பிடித்து இழுத்தேன், வரவில்லை. ஏழு வயதுப் பிள்ளை, நெல்மூட்டைப் பாரம். என் பிள்ளை போய்விட்டாள் என்றே நினைத்தேன். அந்த அக்காதான் வட்டத்துக்குள் ஓடிவந்து, "பொலி! பொலி! பொலி!" என்று தொண்டை கிழியக் கத்தினார். களத்தில் நெல் பெருகச் சொல்லும் சொல்லாம் அது. கவி பொத்தென்று என் மேல் விழுந்தாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை ஓடினேன். அவளுக்கு ஒன்றும் தெரிந்தமாதிரி இல்லை, ஐஸ்கிறீம் கேட்டாள். பின்னால் ஓடிவந்த அக்காவிடம் கேட்டேன், அந்தக் குரல் அவருக்குக் கேட்கவில்லையாம். அதைப் பற்றி நான் பிறகு மனைவியிடம்கூட வாய் திறக்கவில்லை.

போன கிழமை பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்த, கவிக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

"அப்பா, அவர் லாபம் எண்டு என்னைச் சொன்னவர். பிறகு ரெண்டு எண்டு உங்களைத்தானே சொன்னவர்?"

எனக்கு இரண்டாவது கேட்கவேயில்லை.