கீழ்வரிசையில் இருந்த பேச்சு

மகளின் வளைகாப்பு வீடியோவை அன்று நான்கு மணிக்கு அக்காவிடம் கொடுக்க வேண்டும். வாங்கிப் போக அவளே லேக் கார்டன்ஸிலிருந்து ஜாதவ்பூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். அத்தானுக்கு இரண்டு வருடமாகக் கண் தெரியாது. விழாவுக்கு அவர் வரவில்லை. தான் அங்கே பாடிய பாட்டையும் மற்றதையும் காதால் கேட்டாவது சந்தோஷப்படட்டும் என்று அக்காவுக்கு ஆசை.

என் பயமும் அந்தக் காதைப் பற்றியதுதான். நான் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது மனைவி அருகில் வந்து, "உங்க அக்கா குடுத்த புடவையப் பாத்தீங்களா? வீட்டு ஜன்னல்ல தொங்குனதக் கழட்டி மடிச்சுக் குடுத்துட்டாங்க போல" என்றாள். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். இரண்டும் பதிவாகியிருந்தன. என்னைக் கொல்கத்தாவுக்கு அழைத்து வந்து, அத்தானிடம் சொல்லி கேன்டீனில் வேலை வாங்கிக் கொடுத்தவள் அக்கா. அது அவள் காதில் விழக்கூடாது.

மகள் விட்டுப்போன லேப்டாப்பில்தான் வேலை. நான் ஐந்தாம் வகுப்பு. ஆங்கிலம் வாசிக்க வராது. கத்தரிக்கோல் படம் வெட்டுவதற்கு, குப்பைத்தொட்டி நீக்குவதற்கு என்று பழகிக்கொண்டேன். திரையின் அடியில் மேல்வரிசையில் படத் துண்டுகள், கீழ்வரிசையில் சத்தம். வேண்டாததை நீக்கினால் நடுவில் வெற்றிடம் விழும். பின்னால் இருப்பதை இழுத்து ஒட்ட வைக்க வேண்டும். இரண்டு நாள் ஒட்ட வைத்தேன்.

மூன்றரைக்கு ஓட்டிப் பார்த்தேன். மகளின் வாய் அசைந்தது; கேட்டது பக்கத்து வீட்டு வங்காளப் பெண் பௌதியின் குரல். கீழ்வரிசையின் ஓரத்தில் ஒரு பூட்டுப் படம். நாதஸ்வரம் கெட்டுவிடக் கூடாதென்று முதல் நாள் நானே அழுத்தியது. இரண்டு நாளாக நான் வெட்டியது படத்தை மட்டும்தான். பேச்சு முழுவதும் அப்படியே இருந்தது.

படமும் சத்தமும் பொருந்தாதது அத்தானுக்குத் தெரியப்போவதில்லை. அந்தப் பேச்சு போனால் போதும். பூட்டைத் திறந்தேன். அழைப்பு மணி அடித்தது.

"என்னடா, என்னப் பாத்ததும் கல்யாணப் பொண்ணு மாதிரி கம்ப்யூட்டருக்குப் பின்னாடி ஒளியற?" என்று அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"முடிஞ்சிருச்சுக்கா."

"அண்ணி, சா போடட்டுமா?" என்று மனைவி அவளைப் பேச்சில் இழுத்தாள்.

"போடும்மா, டீல சக்கர வேணாம்."

இனி ஓட்டிக் கேட்டுப் பார்க்க முடியாது. சத்தத்தின் கோடுகளில் எது உயரமோ அது என் சிரிப்பாக இருக்க வேண்டும். போன் என் கையில்தானே இருந்தது. அந்த மேட்டைக் கண்டுபிடித்து, இருபக்கமும் தாராளமாக விட்டு வெட்டினேன்.

"என் பாட்டப் போடு. உங்க அத்தான் அதுக்குத்தான் காத்துட்டிருக்காரு."

போட்டேன். பாட்டு பாதியில் தொடங்கியது. என் சிரிப்போடு சேர்ந்து அதன் தொடக்கமும் வெட்டுப்பட்டிருந்தது.

"தூர் பாபா!" என்று வங்காளத்தில் சலித்துக்கொண்டாள். "மொத ரெண்டு வரி எங்கடா?"

"வெட்டும்போது போயிடுச்சுக்கா."

"போன்ல முழுசா இருக்குமில்ல? அதையே குடு."

போன் என் சட்டைப் பையில் இருந்தது. சமையலறை வாசலில் டீயுடன் மனைவி அப்படியே நின்றாள்.

"அழிச்சிட்டேன்க்கா. போன்ல எடமில்ல."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "காய் வெட்றவன்கிட்டக் குடுத்தா இப்படித்தான். இருக்கறதக் குடு. அந்த ரெண்டு வரிய அவர் பக்கத்துல உக்காந்து நானே பாடிக்கறேன்."

பென் டிரைவை அவள் கையில் வைத்தபோது, என் இன்னொரு கை சட்டைப் பையை மூடிக்கொண்டிருந்தது.