மத்தியானத்துக்குப் பிறகான பள்ளிக்கூடம்

கனடாவில் இருக்கும் என் அக்கா தொலைபேசியில் எடுத்தால் ஒரே பல்லவிதான். வீட்டு வரியோடு பள்ளிக்கூட வரியையும் சேர்த்து உருவுகிறார்களாம். பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டார்கள், இன்னும் நான் ஏன் கட்ட வேண்டும் என்பாள். அந்த வரியைத் தூக்கிவிட்டு வேறு வழியில் பள்ளிக்கூடங்களுக்குக் காசு தேடட்டும் என்று அவளுடைய தெருவில் எல்லோரும் கதைக்கிறார்களாம். வாயில் வந்ததைச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில் தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு நான் பாத்திரம் கழுவப் போய்விடுவேன். வேறு வழி எப்படியிருக்கும் என்று தெரிய வேண்டுமென்றால் ஒக்லாந்துக்கு வந்து என் வீட்டில் ஒரு பள்ளித் தவணை இருந்து பார்க்கட்டும்.

இங்கே நாங்கள் கட்டும் வீட்டு வரி பள்ளிக்கூடத்துக்குப் போவதில்லை. அரசாங்கம் பொதுக் காசில் கொடுக்கிறது. அது போதாது. போதாததைப் பள்ளிக்கூடமே தேடிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகளின் கட்டணம், பெற்றோரின் நன்கொடை, விளையாட்டு மைதானத்தில் சொசேஜ் சுட்டு விற்பது, இப்படி. வசதியான பகுதியில் வாயைத் திறந்து கேட்டால் கிடைக்கும். நாங்கள் இருக்கும் பாபடோயிட்டோயில் யாரிடம் கேட்பது? விமான நிலையத்தில் பெட்டி தூக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவரிடமா?

என் மகளுக்கு ஏழு வயது. ஓட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு மிகக் குறைவு, வருகிற சொல்லும் ஆங்கிலத்தில்தான் வரும். சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவாள். கேற், வீதி, கார் ஒன்றும் அவள் கண்ணுக்குத் தெரியாது. வகுப்பில் அவள் பக்கத்தில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அதற்கென்று ஒரு மலேசியத் தமிழ்ப் பெண் இருந்தாள். என்னை அக்கா என்பாள். மகள் எழும்ப நினைக்கும் முன்னமே அவளுக்குத் தெரிந்துவிடும், மெல்ல முதுகில் கையை வைப்பாள். அந்தக் கை இருந்ததால்தான் என் பிள்ளை வட்டமாக உட்கார்ந்து கதை கேட்டாள், மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றாள். நானும் நிம்மதியாக த்ரீ கிங்ஸ் பகுதியில் துணிக்கடை வேலைக்குப் போய், பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு அவளைக் கூட்டிப்போக வந்துவிடுவேன்.

போன வருடம் ஒருநாள் தலைமை ஆசிரியை கூப்பிட்டார். நல்ல மனுசி, சொல்வதற்கு முன்பே அவருடைய முகம் வாடிப்போயிருந்தது. அரசாங்கம் தருகிற காசு அந்தப் பெண்ணின் காலை நேரத்துக்குத்தான் காணுமாம். மத்தியானத்துக்குப் பிறகான நேரத்தைப் பள்ளிக்கூடம் தன் கையிலிருந்து கொடுத்து வந்ததாம். வெளிநாட்டுப் பிள்ளைகளின் வரவு குறைந்துவிட்டதால் அடுத்த தவணையிலிருந்து அது முடியாதாம். அப்படியானால் மத்தியானத்துக்குப் பிறகு என் பிள்ளை எங்கே இருப்பாள் என்று கேட்டேன். வீட்டுக்குக் கூட்டிப்போவது பற்றி யோசித்துப் பார்க்கலாம் என்றார். காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதேன். ஒரு பிள்ளைக்குப் பாதி நாள்தான் பள்ளிக்கூடம் என்று சொல்ல இவர்களுக்கு எப்படி மனம் வந்தது?

அந்த ஆத்திரம் பிடித்த விசரில்தான் எனக்கு ஏல யோசனை வந்தது. எங்கள் தேவாலயச் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு வீட்டில் காய்த்தது, சமைத்தது எல்லாம் கொண்டுவந்து ஏலம் போடுவோம். எடுத்தவர் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். காசைக் கொடுத்துவிட்டுப் பொருளைத் திருப்பி மேசையில் வைப்பார், அது மறுபடி ஏலத்துக்குப் போகும். ஒரு தேங்காய் அப்படிச் சுற்றிச்சுற்றிக் கூரை வேலைக்கே காசு கொண்டுவந்திருக்கிறது. ஏலம் கூறுகிறவர் என் கணவர். மின்சார வேலை செய்பவர், வீட்டில் வாயைத் திறக்கவே கூலி கேட்கிற மனுசன். ஏல மேசைக்குப் பின்னால் நின்றால் மட்டும் ஆளே வேறு.

பள்ளிக்கூடக் களியாட்ட விழாவில் ஒரு ஏலம் வைக்கிறோம் என்று பெற்றோர் சங்கத்தில் கேட்டேன். சந்தோசமாகச் சம்மதித்தார்கள். சபையிலிருந்து கார் காராக ஆட்கள் வந்தார்கள். எங்கள் வீட்டுப் பின்பக்கம் காய்த்த பூசணிக்காயை என் கணவர் தூக்கிப் பிடித்து, ஆங்கிலத்தையும் தமிழ்போலவே இழுத்து இழுத்து ஒருதரம், ரெண்டுதரம் என்று கூவினார். எங்கள் ஆட்கள் எடுப்பதும் திருப்பி வைப்பதுமாக நிற்க, மற்றப் பெற்றோர் முதலில் இது என்ன கூத்து என்று பார்த்தார்கள். பிறகு விளங்கிவிட்டது. சமோவாக்காரத் தகப்பன் ஒருவர் அதை எடுத்துக் கொஞ்சிவிட்டுத் திருப்பி வைத்தார். மைதானமே சிரித்தது.

அந்தச் சிரிப்பில் எனக்குத் துணிவு வந்து மைக்கை வாங்கினேன். இந்தக் காசு என் மகளுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆளுக்காக, மத்தியானத்துக்குப் பிறகும் அவள் படிக்க வேண்டும் என்பதற்காக என்றேன். என் பிள்ளையின் வருத்தத்தை ஊரறியச் சொன்னேன். பிச்சைதான். வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தாலும் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். சபையில் ஏலம் கூறும்போது எதற்கென்று சொல்கிறோமோ அதற்கே காசு போகும், அதில் ஒருவர் கைவைக்க மாட்டார். எங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன், யாரிடமும் கேட்கவும் இல்லை.

அடுத்த கூட்டத்தில் பெற்றோர் சங்கம் எனக்கு நன்றி சொல்லிப் பூங்கொத்துத் தந்தது. அந்த விழாவின் காசு மைதானத்துக்கு நிழல்பந்தல் போட என்று முன்னமே முடிவாகியிருந்ததாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகத் திரட்டிய காசை ஒரு பிள்ளைக்குக் கொடுக்க முடியாதாம். நான் மைக்கில் சொன்னேனே என்றேன். தலைமை ஆசிரியை என் கையைப் பிடித்தார். ஒருமுறை வருகிற காசை நம்பி ஒருவருக்குச் சம்பளம் பேச முடியாது, அடுத்த வருடம் என்ன செய்வது என்றார். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். சண்டை பிடிக்கவும் ஒரு ஆள் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் எல்லோரும் கேட்டார்கள், பிள்ளைக்கு ஆள் சரிவந்துவிட்டதோ என்று. காசைப் போட்டவர்களின் முகத்தைப் பார்த்து நிழல்பந்தல் என்று எப்படிச் சொல்வது? ஓம், ஓம் என்றுவிட்டுக் காருக்கு ஓடினேன். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு என் கணவர் சொன்னார்.

"நீர் விட்டுடாதையும். நான் சனிக்கிழமையிலயும் வேலைக்குப் போறன். அந்த மலேசியப் பிள்ளையின்ர மிச்சச் சம்பளத்தை நாங்களே குடுப்பம்."

மறுநாளே அந்தப் பெண்ணிடம் போய் அதைச் சொன்னேன். அவள் அழத் தொடங்கிவிட்டாள். பாட்டனி டவுன்ஸ் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முழுநாள் வேலை கிடைத்திருந்தது. அங்கே பெற்றோரின் நன்கொடையே அதற்குக் காணுமாம்.

"அக்கா, வெள்ளிக்கிழமைதான் சரின்னு சொல்லிட்டேன். பாதி நாள் வேலைய வச்சு நான் எப்படி வாடகை கட்றது? நீங்களே சொல்லுங்க."

நல்லாயிரும் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னபோது மனதுக்குள் நன்றாகத் திட்டினேன், அதையும் எழுதிவிடுகிறேன். காசு இருக்கிற இடத்துக்குப் பிள்ளைகள் போவதைப் பார்த்திருக்கிறேன், பிள்ளையைப் பிடிக்கிற கையும் போகும் என்று தெரியாது.

காலை நேரத்துக்கு வேறொருத்தி வந்தாள், மத்தியானத்துக்குப் பிறகு அவளுக்கு வேறு வேலையாம். மத்தியானத்துக்குப் பிறகு நானே வந்து சம்பளமில்லாமல் மகளுக்குப் பக்கத்தில் இருக்கிறேன் என்று தலைமை ஆசிரியையிடம் கேட்டேன். உடனே சம்மதித்தார். கடையில் பாதி நாள் கேட்டேன், பழைய நேரமே என்றால் இரு, இல்லாவிட்டால் போ என்றார்கள். வேலையை விட்டு வந்துவிட்டேன். போகட்டும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

முதல் நாள் சாப்பாட்டு மணி முடிந்து வகுப்புக்குள் போனேன். எல்லோரும் சப்பாத்தை வெளியே கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியை கதைப் புத்தகத்தை விரித்திருந்தார். மகள் கண்ணைக் கொட்டாமல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் போடாமல் அவள் பக்கத்தில் இருந்து, அந்தப் பெண் செய்ததுபோலவே முதுகில் கையை வைத்தேன்.

திரும்பி என்னைப் பார்த்தாள். எழும்பினாள். ஓடவில்லை. நேரே போய்த் தன் பையைச் சுவர்க் கொளுவியிலிருந்து எடுத்து மாட்டினாள். நான் கையைப் பிடித்து இருத்தினேன், திரும்ப எழும்பினாள். கதை முடியவில்லை, இரும்மா என்று கெஞ்சினேன். வெளியே போய் என் சப்பாத்துகளைத் தூக்கிவந்து, மற்றப் பிள்ளைகள் பார்த்திருக்க, என் காலடியில் சோடி சேர்த்து வைத்தாள்.

"Home," என்றாள்.

அம்மா வந்தால் பள்ளிக்கூடம் முடிந்தது என்றுதான் இத்தனை காலமும் அவளுக்குப் பழக்கியிருந்தோம். ஆசிரியை வாசிப்பதை நிறுத்திவிட்டு எங்களுக்காகக் காத்திருந்தார். நான் குனிந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டேன்.