மூன்றாவது கட்டம்

எண்பதுகளின் தொடக்கம். பி.ஏ. பொருளாதாரம் படித்த எங்களிடம், ஒரு தெருவை எடுத்து அதன் 'இயற்கை வேலையின்மை விகிதத்தை'க் கணக்கிட்டு வரச் சொன்னார் பேராசிரியர். நானும் என் தோழியும் ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவையே எடுத்துக்கொண்டோம். அலைச்சல் மிச்சம் என்பது என் யோசனை.

தோழி தாளில் மூன்று கட்டம் போட்டாள். ஒரு வேலையை விட்டு இன்னொன்று தேடுபவர்கள் முதல் கட்டம். தெரிந்த தொழிலுக்கே கிராக்கி போய்விட்டவர்கள் இரண்டாவது. மந்தத்தால் நிறுத்தப்பட்டு, வியாபாரம் சூடுபிடித்தால் திரும்பக் கூப்பிடப்படுபவர்கள் மூன்றாவது. முதல் இரண்டையும் கூட்டி, வேலை செய்பவர்கள், தேடுபவர்கள் எல்லோரும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். மூன்றாவது சேராது, அது மந்தத்தோடு போய்விடும். புத்தகம் பக்கம் பக்கமாகச் சுற்றியதை அவள் நாலு கோட்டில் முடித்துவிட்டாள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

அப்பா மில்லில் தறி ஓட்டியவர். பத்து மாதமாக வீட்டில் இருந்தார். தினமும் காலையில் ஷேவ் செய்து, சட்டை போட்டு, தபால்காரருக்காகக் காத்திருப்பார். அவரை நானே மூன்றாவது கட்டத்தில் எழுதியிருந்தேன்.

தோழி வீட்டில் பிரெஞ்சு புழங்கும். கணக்கெடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தவள், வேலையின்மைக்கு அவர்கள் வீட்டுச் சொல்லையே போட்டு, என் அப்பாவிடம் "அப்பா, எவ்ளோ நாளா ஷோமாஜ்ல இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

அப்பா காதில் அது வேறு மாதிரி விழுந்தது. "சும்மா இல்லம்மா! மில்லுலேர்ந்து கூப்புடுவாங்கன்னு இருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. "இப்ப ஆள் எடுக்குறாங்களா?"

"எடுக்குறாங்க. புதுத் தறிக்கு."

"அதை ஓட்டத் தெரியுமா உங்களுக்கு?"

அப்பா தபால்காரர் வரும் பக்கம் திரும்பினார். அவள் ரப்பரை எடுத்து, அவர் பேரை அழித்து, இரண்டாவது கட்டத்தில் எழுதினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அப்பாவை இயற்கையில் சேர்க்க இவள் யார்? இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் அப்பாவே கேட்டார். "அந்தப் பொண்ணு என்னை எதுல போட்டுச்சு?"

கட்டங்களை விளக்கினேன். அப்பா தாளை வாங்கிப் பார்த்தார்.

"மூணாவதுல இருந்தா அவங்க கூப்புடணும். ரெண்டாவதுல இருந்தா நான்தான் போவணும்" என்றார்.

மறுநாள் ஷேவ் செய்துவிட்டுத் தபால்காரருக்கு நிற்கவில்லை. மூலக்குளத்தில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் 'காயில்' கட்டும் கடைக்குத் தொழில் கற்கப் போனார். நூல் பிடித்த விரல்கள் செம்புக் கம்பிக்குச் சீக்கிரம் பழகிவிட்டன. மாதக் கடைசியில் வேலைக்கே வைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பெண்ணின் நேர்மையை இன்றும் வியக்கிறேன். பாசம் என்று நினைத்து நான் அப்பாவை வாசலிலேயே நிற்க வைத்திருந்தேன். கணக்கை ஒப்படைக்கிற அன்று அவள் மறுபடி ரப்பரை எடுத்தாள். இரண்டாவது கட்டத்திலிருந்தும் அப்பாவை அழித்தாள்.

"ஒரு ஆள் குறையுது. திரும்ப வகுடி" என்றாள்.