விடுப்புக் கடிதத்தில் எழுதிய காரணம்

1996 ஆகஸ்ட் 13, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று இருபது. கொளவாய் ஏரிப் பக்கமிருந்து கறுத்து வந்த மேகம் ஜன்னல் கட்டையில் ஏழு துளி போட்டுவிட்டு நகர்ந்தது. புழுக்கம் இன்னும் கூடிப்போனது. செங்கல்பட்டில் நான் கணக்கு ஆசிரியராக இருந்த அரசுப் பள்ளியில், மறுநாளுக்கான விடுப்புக் கடிதத்தை அப்போதுதான் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் எங்கள் பள்ளியில் எல்லோரும் எழுதுவது இரண்டே: வயிற்றுப்போக்கு அல்லது சொந்த வேலை. நான் உள்ளதை எழுதினேன்: ‘மாமல்லபுரத்தில் இறால் பண்ணைகளை எதிர்த்து நடக்கும் வீதி நாடகத்தில் நடிக்க.’ இருபத்திரண்டு ஆண்டுகளாக மாணவர்களிடம் வழிமுறையையும் எழுது என்று சொல்லி வந்த பழக்கம். கேட்ட இடத்தில் கேட்டதை எழுதிவிட்டேன்.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடற்கரையில் ஒரு மீனவர் குப்பம். பண்ணைக் குட்டைகளின் உப்பு இறங்கி அங்கே ஐந்து கிணறுகளில் நான்கு கெட்டிருந்தன. அதற்காக நாங்கள் ஆறு பேர் சேர்ந்து மொத்தம் பதினோரு முறை நாடகம் போட்டோம். பத்து முறை ஞாயிற்றுக்கிழமை. இது ஒன்றுதான் புதன்கிழமை. எனக்குப் பண்ணை முதலாளி வேடம். ஒல்லியான எனக்குத் தலையணையால் தொப்பை கட்டிவிடுவது, நாடகத்துக்குப் பானை அடிக்கும் கட்டுமரக்காரர்.

“நல்லா இறுக்கிக் கட்டுறேன் சார். போன தபா நடுரோட்ல அவுந்து வுழுந்துச்சு.”

“இறுக்கினா மூச்சு முட்டுதுப்பா.”

“முட்டட்டும். மொதலாளி தொப்ப கழண்டுச்சுன்னா, பிரச்சன தீந்துச்சுன்னு ஜனம் எழுந்து பூடும்.”

கடைசிக் காட்சிக்கு வசனம் கிடையாது. குப்பத்துப் பெண்கள் இருவர் குடத்தில் கொண்டுவந்த கிணற்று நீரை, பார்ப்பவர்களுக்கு டம்ளரில் ஊற்றிக் கொடுப்பார்கள். அந்தப் புதன்கிழமை மாமல்லபுரம் பஸ் நிலையத்துக்கு எதிரே எழுபத்தொரு பேர் நின்றார்கள். பத்தொன்பது பேர் வாங்கினார்கள். காவலுக்கு வந்த போலீஸ்காரர் ஒரு மடக்கு குடித்துத் துப்பினார்.

“இன்னாம்மா இது, கடலையே மொண்டுகினு வந்துட்டியா?”

“கெணறு சார். இத்தத்தான் கஞ்சிக்கு ஊத்துறோம்,” என்றாள் மூத்தவள்.

அவர் மீதியைக் கொட்டாமல் டம்ளரை அவளிடமே கொடுத்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

அந்தப் பானைச் சத்தம், வியர்வையில் ஊறிய தலையணையின் வாடை, முடிந்ததும் கடல் மணலில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்திலிருந்து ஆறு பேரும் எடுத்துத் தின்ற வறுத்த நெத்திலி. அப்படி ஒரு சாயங்காலம் அதன் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

எட்டாம் நாள் தலைமையாசிரியர் அழைத்தார். மேசையில் என் கடிதம், பண்ணைத் தரப்பு அனுப்பிய புகார், தொப்பையோடு நான் நிற்கும் புகைப்படம். அவர் நல்லவர், என்னைவிட மூன்று வயது இளையவர்.

“நாளைக்குள்ள நான் மேல விளக்கம் அனுப்பணும். இதக் கிழிச்சிடறேன் சார். வயித்துப்போக்குன்னு ஒண்ணு எழுதிக் குடுங்க. போட்டோல இருக்கிறது நீங்கதான்னு எவன் சொல்லுவான், இந்தத் தொப்பையோட?”

“அந்தத் தண்ணியக் குடிச்சதால போச்சுன்னு எழுதட்டுமா?”

சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டார். “வெளையாடாதீங்க. சஸ்பெண்ட் வரைக்கும் போவும். பொண்ண இப்பத்தான காலேஜ்ல சேத்திருக்கீங்க?”

வெள்ளைத் தாளை வாங்கிக்கொண்டேன். என்னைத் துணிச்சல்காரன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பேனா மூடியைத் திறக்கவே இரண்டு முறை முயன்றேன். பொய் எழுதி அகப்பட்டால் குற்றம் இரண்டாகும் என்று கணக்குப் போட்டேன். ஆனால் கையை நிறுத்தியது அது மட்டுமல்ல. வயிற்றுப்போக்கு என்று எழுதினால், அந்தப் பெண் பேசியபோது நான் அங்கே இல்லை என்று நானே எழுதிக் கொடுத்ததாகும். அந்த நாளை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

தாளைத் திருப்பி வைத்தேன். “பழசே இருக்கட்டும் சார்.”

“ரெண்டு நிமிஷ வேலை சார் இது.”

“தெரியும் சார்.”

சஸ்பெண்ட் வரவில்லை. ஒரு வருட ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். அந்தக் குறைவு ஓய்வு பெறும் வரை மாதாமாதம் தொடரும் என்று உத்தரவு. பண்ணைக் குட்டைகள் பிறகு வற்றிக் கிடந்தன. எங்கள் நாடகத்தால்தான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. 2007இல் ஓய்வு பெற்ற மறுநாள் சம்பளச் சீட்டுகளை அடுக்கி, நூற்று முப்பது மாதத்துக்கும் பஞ்சப்படியோடு கூட்டினேன். அந்த ஒரு புதன்கிழமைக்கு நான் கொடுத்தது இருபத்தெட்டாயிரத்து நானூற்றுப் பதினாறு ரூபாய்.